அட்வான்ஸ் வாங்காதவன்

அட்வான்ஸ் வாங்காதவன் யோக்கியன் என்று தையல்காரிக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அவளே சொல்லிக்கொண்டாள். பதினேழு வருஷமாக வாசல் அறையில் மெஷின் போட்டுத் தைக்கிறாள். ஒரு நாள், ஒருத்தரிடம், ஒரு பைசா முன்பணம் வாங்கினதில்லை. "போட்டுப் பாருங்க, புடிச்சா காசு குடுங்க" என்பதுதான் அவள் வாயில் வரும் முதல் பேச்சு. மிச்சத் துணியைக்கூடச் சுருட்டி, நூலால் கட்டி, தைத்த உடுப்போடு வைத்துக் கொடுத்துவிடுவாள். அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. கொஞ்சமென்ன, நிறையவே உண்டு. அவளைக் கவிழ்க்க வேண்டுமென்றால் வேறெங்கும் தட்ட வேண்டாம், அங்கே தட்டினால் போதும். அந்த மேஸ்திரி வந்த முதல் நாளே அங்கேதான் தட்டினான்.

அப்போது வீட்டு நிலவரம் இது. வாசல் அறைக் கூரையில், வெட்டுமேசைக்கு நேர் மேலே, சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஓர் ஈரக்கறை. போன மழைக்கு வந்தது. வெயிலில் காய்ந்து, மஞ்சள் விளிம்போடு அப்படியே நின்றுவிட்டது. சொட்டவில்லை. சொட்டாததால் யாரும் கண்டுகொள்ளவில்லை. ஆனால் இந்த வருஷம் அதே அறையில் முன்னூற்றி இருபது பிள்ளைகளின் பள்ளிக்கூட உடுப்புக்கான துணி, வெள்ளை ஒரு பக்கம் நீலம் ஒரு பக்கமாக, ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்தது. பள்ளிக்கூட ஆபீஸில் வேலை பார்க்கும் நாத்தனார், "எங்க வீட்டுப் பொண்ணு தைப்பா, ஒரு குறை வராது" என்று தன் வாய்ச்சொல்லை அடகுவைத்து வாங்கிக் கொடுத்த வேலை அது. வெள்ளைத் துணியில் சுண்ணாம்புத் தண்ணீர் பட்டால் அந்தக் கறை எதற்கும் போகாது. மழைக்காலமோ நெருங்கிக்கொண்டிருந்தது. தையல்காரி தைத்துக்கொண்டே அண்ணாந்து அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலியை வாங்கிக்கொண்டதுதான் மிச்சம்.

அந்த நேரம் பார்த்து மேஸ்திரி வாசலில் வந்து நின்றான். தேய்த்த சட்டை, காதில் பென்சில், முகம் நிறையச் சிரிப்பு.

"அக்கா, கோச்சுக்காதீங்க. பின் தெருவுல ஒரு மாடில வேலை பாத்துட்டிருக்கேன். அங்கேருந்து பாத்தா உங்க மாடி தெரியுது. ஓடெல்லாம் வெடிச்சுக் கெடக்கு. பாத்துட்டு சொல்லாமப் போனா பாவம்னு மனசு கேக்கல."

"நல்ல நேரத்துல வந்தீங்க தம்பி. இதைப் பாருங்க" என்று அவளே உள்ளே கூட்டிப்போய்க் கறையைக் காட்டினாள்.

அவன் அண்ணாந்து பார்த்தான். நாக்கை 'ச்சொ' என்று தட்டினான். டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றுவாரே, அப்படி இருந்தது.

மாடிக்குப் போனார்கள். குதிகாலால் நாலு இடத்தில் தட்டினான். "சத்தத்தக் கேளுங்க, டொக் டொக்குங்குது. உள்ள வெறும் காத்து." மேலே பதித்திருக்கும் ஓடுகளை முழுக்க எடுத்துவிட்டு, தண்ணீர் இறங்காத பூச்சு போட்டு, புதுசாக ஓடு பதிக்க வேண்டும் என்றான். ஒரு தொகை சொன்னான். அதிகமாகப் படவில்லை. அதுதான் தூண்டில், அது அப்போது தெரியவில்லை.

"அட்வான்ஸ் எவ்வளவு தம்பி?"

"அட்வான்ஸா!" அவன் பதறியே போய்விட்டான். "நான் அந்த மாதிரி ஆளு இல்லக்கா. வேலைய முடிக்கறேன். ஒரு மழை பெய்யட்டும். ஒழுகலைன்னா கூப்புட்டுக் காசு குடுங்க."

தையல்காரிக்கு மனசு குளிர்ந்துவிட்டது. தன்னைப் போல ஒருத்தன்! ஒரே ஒரு விஷயம் மட்டும் நெருடியது. எழுந்ததிலிருந்து படுக்கிற வரைக்கும் இஞ்ச் டேப் அவள் கழுத்தில்தான் கிடக்கும். அதைத் தொட்டுக்கொண்டே கேட்டாள்.

"அளவே எடுக்கலையே தம்பி?"

"கண்ணுதான் டேப்பு அக்கா. இருபது வருஷ அனுபவம்."

அளவெடுக்காமல் ரவிக்கை தைக்கிறேன் என்று எவளாவது வந்து சொல்லியிருந்தால் அவளை வாசலோடு விரட்டியிருப்பாள். இவனிடம் சிரித்துக்கொண்டே தலையாட்டினாள். நினைத்தால் இப்போதும் அவளுக்குத் தன் தலையிலேயே ஒன்று போட்டுக்கொள்ளலாம் போலிருக்கும்.

சாயங்காலம் நாத்தனார் ஆபீஸிலிருந்து வீட்டுக்கு வந்ததும் விஷயம் காதில் விழுந்தது. கைப்பையைக்கூடக் கழற்றவில்லை, ஆரம்பித்துவிட்டாள்.

"வாசல்ல வந்து நின்னவனுக்கு வீட்டத் தூக்கிக் குடுத்துட்டியா? தக்காளி விக்க வந்தாக்கூட நாலு அமுக்கிப் பாத்துட்டுத்தானே வாங்குவ?"

"அவரு அட்வான்ஸே வேணாங்கறாரு அண்ணி."

"அதனால? பின் தெருவுல எந்த வீடுன்னு கேட்டியா? போய்ப் பாத்தியா?"

"அவ்வளவு நல்லாப் பேசறவரு..."

"நல்லாப் பேசாம ஏமாத்த முடியுமாடி? மொறைச்சுக்கிட்டு வந்தா நீ கதவத் தொறப்பியா? இன்னொரு கொத்தனாரக் கூப்புட்டுக் காட்டு. ரெண்டு பேரு சொல்றதயும் ஒரு காயிதத்துல எழுதி வாங்கு. எதை ஒடைக்கறான், என்ன போடறான், எத்தனை நாளு. அப்பறம் கை வைக்கட்டும்."

"பத்து நாள்ல மழை வந்துடும் அண்ணி. அவருக்கு அடுத்த வாரம் வேற வேலை இருக்காம்."

"அப்ப போகட்டுமே! அவன் ஒருத்தன்தான் ஊருக்கே கொத்தனாரா?"

பஸ் ஓட்டிவிட்டு வந்து டீயில் ரொட்டியைத் தோய்த்துத் தின்றுகொண்டிருந்த டிரைவர், அக்காவுக்கும் பெண்டாட்டிக்கும் நடுவில் மாட்டினால் என்ன செய்வாரோ அதையே செய்தார். டீயைப் பார்த்தார். தையல்காரியின் புருஷனுக்கு ரோட்டில் எந்த லாரிக்கும் பயமில்லை, வீட்டில்தான் பிரேக்.

மறுநாள் இரட்டைப் பிள்ளைகளின் அம்மா அளவு கொடுக்க வந்தாள். ரெண்டு தெரு தள்ளி வீடு. புருஷன் வெளியூரில் வேலை, வீட்டைத் தனியாகப் பார்த்துக்கொள்கிறவள். ரெண்டு பையன்களையும் வரிசையாக நிறுத்தித் தோளுக்கு டேப்பைப் பிடித்தபடி தையல்காரி பெருமையாகச் சொன்னாள்: "எங்க மாடிக்கு ஒரு மேஸ்திரி கெடைச்சிருக்காரு. அட்வான்ஸே வாங்க மாட்டாரு."

"அப்படியா அக்கா? எங்க மாடிப்படிகிட்டயும் ஒரு வெடிப்பு இருக்கு. நம்பர் குடுங்களேன்."

குடுத்தாள். தன் கையாலேயே, தையல் சாக்கட்டியால், மிச்சத் துணித் துண்டில் எழுதிக் கொடுத்தாள்.

மூன்றாம் நாள் காலையில் நாலு பேர் சுத்தியலும் கடப்பாறையுமாக வந்தார்கள். கூடவே கல் சுமக்க ஒரு சித்தாள் பெண், வாயே திறக்காதவள். மத்தியானத்துக்குள் மாடி முழுக்க உடைத்துப் போட்டுவிட்டார்கள். அடேயப்பா, உடைப்பதில் என்ன சுறுசுறுப்பு! தையல்காரி கீழே ஜன்னலை மூடி, துணிக்கட்டுகளின் மேல் பழைய படுக்கை விரிப்பைப் போர்த்தி, மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு தைத்தாள். ஒவ்வொரு அடிக்கும் ஊசி துள்ளியது. அப்புறம் ஓர் அடியில், அந்தக் கறை இருந்த இடமே பெயர்ந்து வெட்டுமேசையில் பொத்தென்று விழுந்தது. அண்ணாந்து பார்த்தால் வானம் தெரிந்தது.

அவள் மாடிக்கு ஓடினாள். அதற்குள் அந்த ஓட்டையின் மேல் ஈரச் சாக்கைப் போட்டு மூடியிருந்தான் மேஸ்திரி. கையில் ஒரு கான்கிரீட் கட்டி. அதிலிருந்து துருப்பிடித்த கம்பி ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. தொட்டால் செதில் செதிலாக உதிர்ந்தது.

"நல்லவேளை ஒடைச்சுப் பாத்தோம் அக்கா. கையில புடிங்க இத. இந்த ஓட்டையிலேருந்து இப்பத்தான் வந்துச்சு. கம்பியே செத்துப் போச்சு. மேல பூசி என்ன புண்ணியம்? தளத்தையே பலப்படுத்தணும்."

புதுத் தொகை ஒன்றைச் சொன்னான். முதலில் சொன்னதைப்போல மூணு மடங்கு.

"ஐயோ தம்பி, அவ்வளவுக்கு நாங்க எங்க போவோம்?"

"கட்டாயம் இல்லக்கா. ஒடைச்ச கூலிய மட்டும் குடுங்க, நான் போயிடறேன். ஆனா புள்ளைங்க துணி கீழ இருக்கு. மேல தளம் இப்படி இருக்கு. தூங்கறப்போ விழுந்தா நாளைக்கு என்னயத்தான் சொல்வீங்க." குரல் தேனாகத்தான் இருந்தது. "அண்ணன்கிட்ட இந்தக் கல்லக் காட்டுங்க. யோசிச்சு போன் பண்ணுங்க. சாக்க மட்டும் எடுத்துடாதீங்க. காத்துப் பட்டா துரு ஓடும்."

காத்துப் பட்டால் துரு ஓடுமாம்! அதையும் நம்பினாள்.

ஆட்கள் இறங்கிப் போய்விட்டார்கள். உடைத்த ஓட்டுக் குவியல், தண்ணீர் போகிற குழாய் வாயை அடைத்துக்கொண்டு அப்படியே கிடந்தது.

அடுத்த ரெண்டு நாள் டிரைவர் லீவு போட்டுவிட்டுக் கொத்தனார் கொத்தனாராக அலைந்தார். ஒருத்தரும் வரச் சம்மதிக்கவில்லை. கடைசியில் மூன்றாம் தெரு மொட்டைக் கொத்தனாரைக் காலில் விழாத குறையாகக் கூட்டிவந்தார். அவர் மாடிப்படி உச்சியிலேயே நின்றுவிட்டார். ஓர் அடி உள்ளே வைக்கவில்லை.

"யாரு ஒடைச்சது?"

சொன்னார்கள்.

"அப்ப நான் தொட மாட்டேங்க. ஒருத்தன் கை வச்ச வேலைல இன்னொருத்தன் கை வைக்கறதில்லை, அது எங்க தொழில் கட்டு. அவன் விட்டேன்னு சொல்லட்டும், வர்றேன்."

"அவன் எங்க அண்ணே சொல்வான்?" என்றாள் தையல்காரி. "கூரை தொறந்து கெடக்கே!"

"அது தெரிஞ்சுதானே மொத நாளே ஒடைச்சான். யாருக்கு எங்க கை கட்டியிருக்குன்னு அவனுக்குத் தெரியும்." அவர் மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டார். "ஒடைக்கறதுக்கு முன்னாடி கூப்புட்டிருந்தா, அந்தக் குழாய்ல அடைச்சிருக்கற குப்பைய எடுத்துட்டு, ஓட்டு இடுக்குல சிமென்ட் பால் விட்டிருப்பேன். அரை நாள் வேலை. உங்க வீட்டு ஓடு அப்படியே முழுசா இருந்திருக்கும்."

அவர் போன பிறகு வீட்டில் வெடித்தது.

"குடுத்துத் தொலைச்சிடுவோம்" என்றார் டிரைவர். "கழுத்துல கத்திய வச்சுட்டான். அசைஞ்சா நமக்குத்தான் அறுபடும். டிப்போல கடன் கேக்கறேன்."

"எதுக்குக் குடுக்கணும்? வீட்ட ஒடைச்சதுக்கா?"

"கூப்புட்டது யாரு? நானா?"

"நான்தான்! நான்தான் கூப்புட்டேன், போதுமா? நீங்க என்ன பண்ணீங்க? டீயக் குடிச்சீங்க. வாயத் தொறந்து ஒரு வார்த்தை, வேணாம்னு சொன்னீங்களா?"

"சொன்னா நீ கேப்பியாக்கும்!"

"டேய், ரெண்டு பேரும் நிறுத்துங்க" என்றாள் நாத்தனார். அவள் கத்தவில்லை, அதுதான் பயமாக இருந்தது. "பள்ளிக்கூடத்துல ஹெட்மாஸ்டர் இன்னிக்கும் கேட்டாரு, உடுப்பு எந்த அளவுல இருக்குன்னு. நான் சிரிச்சுட்டு வந்தேன்."

தையல்காரிக்கு அப்போதுதான் பொறி தட்டியது. கத்தரிக்கோலை மேசையில் ஓங்கி வைத்தாள்.

"அவன் ஏன் அட்வான்ஸ் வாங்கல தெரியுமா? வாங்கிட்டான்! நம்ம கூரையத்தான் அட்வான்ஸா வாங்கிட்டான். நான் ஒரு மடச்சி, அதையும் தட்டுல வச்சுக் குடுத்தேன்."

அழுகை வரவில்லை. வயிறு எரிந்தது. அவன் மேல் எரிந்தது, தன் மேல் அதைவிட எரிந்தது. இரட்டைப் பிள்ளைகளின் அம்மாவிடம் போய் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும் என்று ரெண்டு நாளாகவே தோன்றியது. எப்படிச் சொல்வது? பெருமையடித்த வாயாலேயே, ஏமாந்துவிட்டேன் என்றா? தெருவே சிரிக்காதா? நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிப் போட்டாள். இந்த மாதிரிப் பயல்கள் பிழைப்பதே ஏமாந்தவர்கள் வாயைப் பொத்திக்கொள்வதால்தான்.

ஆறாம் நாள் காலை. வானம் கறுத்திருந்தது, காற்று நின்றிருந்தது. மாடியில் தார்ப்பாயை விரித்து நாலு மூலையிலும் செங்கல் வைத்திருந்தார் டிரைவர். அவளுக்கு நம்பிக்கையில்லை. தண்ணீர் போக வழி அடைத்துக் கிடந்தது. குளம் கட்டினால் பாய்க்கு அடியில் ஏறிவிடும். இருந்தாலும் கையைச் சும்மா வைத்திருக்க முடியாமல் வெள்ளைத் துணியை விரித்து அளவுக் காகிதத்தை வைத்து, காற்றில் நகராமலிருக்க அந்தக் கான்கிரீட் கட்டியையே பாரமாக வைத்து வெட்டிக்கொண்டிருந்தாள்.

வாசலில் சித்தாள் பெண் வந்து நின்றாள்.

"மேஸ்திரி அந்தக் கல்ல எடுத்துட்டு வரச் சொன்னாருங்க."

"எந்தக் கல்லு?"

"அதாங்க, கம்பியோட இருக்குமே."

"என் வீட்டுக் கூரைக் கல்லு அவனுக்கு எதுக்கு?"

சித்தாள் தரையைப் பார்த்தாள். "இன்னிக்கு வேற வீட்ல ஒடைக்கறாங்க."

தையல்காரியின் கை அப்படியே நின்றது. கழுத்திலிருந்து டேப்பை உருவினாள். கட்டியை நிமிர்த்தி வைத்தாள். மேல் பூச்சு ஒரு பக்கம், கீழ்ப் பூச்சு ஒரு பக்கம், ரெண்டுக்கும் நடுவில் அளந்தாள். ஆறு இஞ்ச்.

மாடிக்கு ஏறினாள். தார்ப்பாயைத் தள்ளினாள். ஈரச் சாக்கை இழுத்து எறிந்தாள். ஓட்டைக்குள் டேப்பை விட்டு அளந்தாள். நாலரை. மறுபடி அளந்தாள், வேறு பக்கம். நாலரை. நாலரை இஞ்ச் தளத்திலிருந்து ஆறு இஞ்ச் கல் எப்படி வரும்? ஓட்டையின் குறுக்கே ரெண்டு கம்பி ஓடின. விரலால் தேய்த்துப் பார்த்தாள். கருநீலமாக, வைரம் பாய்ந்தாற்போல இருந்தன. ஒரு பொட்டுத் துரு இல்லை.

கீழே இறங்கி வந்தபோது அவள் முகத்தைப் பார்த்து சித்தாள் ஓர் அடி பின்வாங்கினாள்.

"எத்தனை வீட்ல காட்டியிருக்கான் இந்தக் கல்ல?"

"எனக்குத் தெரியாதுங்க. நான் கூலிக்கு வர்றவ."

"நான் மட்டும் என்ன, ஜமீன்தாரிணியா? நானும் கூலிக்குத் தைக்கறவதான். சொல்லு."

சித்தாள் முந்தானையால் வாயைத் துடைத்தாள். "நான் வந்து ஒரு வருஷம். அப்பலேருந்து இதே கல்லுதான்."

"இன்னிக்கு எந்த வீடு?"

"ரெண்டு தெரு தள்ளி. ரெட்டைப் புள்ளைங்க இருக்கற வீடு."

தையல்காரி கல்லைத் துணிப்பையில் போட்டாள். "அண்ணி! துணி எல்லாத்தையும் உள் அறைக்கு மாத்துங்க. அவரையும் கூப்புடுங்க. வெள்ளை மொதல்ல!" என்று கத்தினாள்.

"மழை வருதுடி! இப்ப எங்க போற?"

"நான் கிழிச்சதத் தைக்க" என்றபடி செருப்பைக்கூட மாட்டாமல் தெருவில் இறங்கினாள்.

கல் கனத்தது. பை தோளை அறுத்தது. வேகமாக நடந்து, கடைசியில் ஓடினாள். அந்த வீட்டு மாடிப்படியை அவள் ஏறி முடித்தபோது, மேஸ்திரி தரையில் சாக்பீஸால் வட்டம் போட்டுக்கொண்டிருந்தான். உளியும் சுத்தியலுமாக ரெண்டு பேர் குந்தியிருந்தார்கள்.

"நிறுத்து!"

மேஸ்திரி நிமிர்ந்தான். சிரிப்பு இம்மியும் குறையவில்லை. "வாங்கக்கா! உங்களப் பத்தித்தான் பேசிட்டிருந்தோம்."

"ஒடைக்க விடாதம்மா. இவன் திருடன்" என்றாள் தையல்காரி, மூச்சு வாங்க.

இரட்டைப் பிள்ளைகளின் அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. "என்னக்கா சொல்றீங்க? நீங்கதானே நம்பர் குடுத்தீங்க? அட்வான்ஸ்கூட வாங்காத மனுஷன்னு..."

"சொன்னேன். இதே வாயாலதான் சொன்னேன். அந்த வாயில மண்ணப் போட. இப்பவும் இதே வாயாலதான் சொல்றேன்." பையைக் கவிழ்த்தாள். கல் 'ணங்' என்று விழுந்தது. "இது யாரு வீட்டுக் கல்லு மேஸ்திரி?"

"உங்க வீட்டுதுதானக்கா."

"என் தளம் நாலரை இஞ்ச். இது ஆறு. அளந்து காட்டட்டுமா?"

குந்தியிருந்த ரெண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மேஸ்திரி மட்டும் அசரவில்லை.

"பீம் ஓரத்துல தடிமனா இருக்கும் அக்கா. துணிய அளக்கற மாதிரியா கட்டடத்த அளக்கறது?" இரட்டைப் பிள்ளைகளின் அம்மா பக்கம் திரும்பினான். "பாவம், அவங்க காசுக்குக் கஷ்டம். ரேட்டு கட்டுப்படியாகல. அந்தக் கோவம். நீங்க மனசுல வச்சுக்காதீங்க."

பாருங்கள் அந்தச் சாமர்த்தியத்தை! தையல்காரிக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தாள். அவள் அவனைத்தான் பாதி நம்பிக்கொண்டிருந்தாள். அஞ்சு நாளைக்கு முன்னால் தன் முகமும் இப்படித்தான் இருந்திருக்கும்.

இனிப் பேச்சு பிரயோஜனமில்லை. தையல்காரி நாலு எட்டு வைத்துப் போய், அந்தச் சாக்பீஸ் வட்டத்துக்குள் சப்பணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

"அக்கா, எழுந்திரிங்க. வேலை கெடுது."

"அடிக்கணும்னா என் மேல அடி." அவன் பக்கம் திரும்பாமலே அந்தப் பெண்ணிடம் சொன்னாள்: "நீ என்னயும் நம்பாத, இவனயும் நம்பாத. என் வீட்டுக்குப் போ. வாசல் அறைல நின்னு அண்ணாந்து பாரு. இவன் வேலை செஞ்ச வீடு அது ஒண்ணு போதும். அந்த வேலைய அன்னிக்கு நான் பண்ணல. பின் தெருவுல எந்த வீடுன்னு ஒரு நடை போய்ப் பாத்திருந்தா, இன்னிக்கு இங்க குந்தியிருக்க மாட்டேன். போய்ப் பாத்துட்டு வா. அப்பறம் ஒடைக்கறதுன்னா நானே சுத்தியல எடுத்துத் தர்றேன்."

அவள் தயங்கினாள். அப்புறம் மளமளவென்று படியிறங்கிப் போனாள்.

முதல் சொட்டு தையல்காரியின் புறங்கையில் விழுந்தது. மேஸ்திரி பக்கத்தில் வந்து குந்தினான். சிரிப்பு இப்போது இல்லை. அது இல்லாத முகம் சாதாரணமாக, களைப்பாக இருந்தது.

"எதுக்குங்க வம்பு? ரெண்டு ஆளு கையில இருக்கு. இப்பவே கூட்டிட்டுப் போறேன். கால் மணி நேரத்துல உங்க ஓட்டைய அடைச்சு, குழாயச் சுத்தம் பண்ணித் தர்றேன். காசு வேணாம். உங்க துணி தப்பிக்கும். எழுந்து வந்துடுங்க, இவங்ககிட்ட மட்டும் ஒண்ணும் பேசாதீங்க."

பொய்யில்லை என்பது குரலில் தெரிந்தது. செய்வான். கால் மணி நேரம். சொட்டுகள் சாக்பீஸ் வட்டத்தைப் புள்ளி புள்ளியாக அழிக்க ஆரம்பித்தன. வெள்ளைத் துணி அவள் கண்முன் நின்றது. நாத்தனார் முகம் நின்றது. முன்னூற்றி இருபது பிள்ளைகள் நின்றார்கள். ஆமாம், அவள் மனசு ஆடத்தான் ஆடியது. கால்கூட ஒரு தடவை எழுந்திருக்கப் பார்த்தது.

"எத்தனை பேருடா இப்படி எழுந்து போனாங்க?" என்றாள்.

அவன் எழுந்து தள்ளிப் போனான்.

மழை கொட்டியது. ஆட்கள் மாடிப்படிக் கூரைக்குக் கீழே ஒதுங்கினார்கள். அவள் நனைந்துகொண்டே உட்கார்ந்திருந்தாள், கழுத்தில் டேப் சொட்டச் சொட்ட.

இரட்டைப் பிள்ளைகளின் அம்மா திரும்பி வந்தபோது தலையிலிருந்து கால்வரை நனைந்திருந்தாள். கையில் ஒரு வெள்ளைத் துணித் துண்டு. அதில் காவி நிறத்தில் கறை ஓடியிருந்தது.

"அக்கா, உங்க வீட்டுக்குள்ள மழை பெய்யுதுக்கா. தார்ப்பாய் அடியில தண்ணி ஏறிடுச்சு. உங்க அண்ணி அண்டாவ வச்சுப் புடிக்கறாங்க. வெள்ளைல ரெண்டு கட்டு போச்சு. மிச்சத்த அண்ணன் தூக்கிக் கட்டில்ல போட்டுட்டாரு."

ரெண்டு கட்டு. அறுபது சட்டை. தையல்காரி கண்ணை மூடிக்கொண்டாள்.

அந்தப் பெண் மேஸ்திரி பக்கம் திரும்பினாள். சாந்தமான முகமுள்ளவள், பிள்ளைகளைக்கூட அதட்டத் தெரியாதவள். "எறங்குடா கீழ" என்றாள். "இந்தத் தெருவுல இருக்கற ஒவ்வொரு கதவா நானே போய்த் தட்டறேன். எறங்கு!"

அதற்குள் பக்கத்து மாடிகளில் தலைகள் தெரிய ஆரம்பித்திருந்தன. ஆட்கள் முதலில் இறங்கினார்கள். மேஸ்திரி படிவரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்தான். அந்த மழையிலும் கையை நீட்டினான்.

"அந்தக் கல்ல மட்டும் குடுத்துடுங்க."

ஒரு வருஷத்துக்கு மேலாகச் சோறு போட்ட கல் அல்லவா! தையல்காரி எழுந்தாள். கல்லை எடுத்துப் பையில் போட்டு, பையின் வாயை முடிச்சுப் போட்டாள்.

"இது அட்வான்ஸ். என் கூரைய மூடிட்டு வந்து வாங்கிக்க."

அவன் வர மாட்டான் என்று அவளுக்குத் தெரியும். மழை விட்டதும் மொட்டைக் கொத்தனாரிடம் போய், "அவன் வேலைய விட்டுட்டு ஓடிட்டான், ஊரே பாத்துச்சு, இப்ப வாங்க" என்று சொல்ல வேண்டும். அறுபது சட்டைத் துணிக்கு வழி தேட வேண்டும். அண்ணியிடம் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டும். பதினேழு வருஷத்தில் அவள் வாங்கிய முதல் அட்வான்ஸ் தோளில் கனத்தது. அதைச் சுமந்துகொண்டு, மழை பெய்யும் தன் வீட்டுக்கு நடந்தாள்.